பன்னிரண்டு படங்களில் ஒரு விநாடி



அக்டோபர்த் திங்கள் 28ஆம் நாள் அனைத்துலக அசைபட நாளாகும். அசைபடக் கலைஞர்களின் அனைத்துலகக் கழகமான ‘அசிஃபா’ 2002ஆம் ஆண்டிலிருந்து அந்நாளைச் சிறப்பித்து வருகின்றது. அசைபடம் என்றதும் வேறேதோ என்று மலைக்க வேண்டுவதில்லை. நம் பிள்ளைகள் ‘கார்ட்டூன்’ என்று கூறி, உண்ணும் சோற்றையும் மறந்து பார்த்துக் கொண்டிருக்கின்றார்களே, அதுதான். ஆசிரியர் நாள், விளையாட்டு நாள், பொங்கல் விழா எனப் பல நாள்களுக்கு இடந்தரும் நம் பள்ளி நாட்காட்டியில் இந்நாளுக்கும் ஓர் இடம் தருதல் வேண்டும் என்பது என் கருத்து. அன்று மேலும் ஒரு படத்தைப் போட்டுக் காட்டுவதற்காக அல்ல. பிள்ளைகள் தாமே வரைந்த படத்தை ஓடவிட்டுக் காட்டுவதற்காக.

அந்நாளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1892ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், பாரிஸ் மாநகரின் கிரெவென் அருங்காட்சியகத்தில் எமில் ரெய்னோ என்பவர், தாம் கையால் வரைந்து வண்ணந்தீட்டிய படங்களை ஒளிவிளக்கின் துணையால் திரையில் வீழ்த்தி அசையச் செய்து காட்டினார். லூமியேர் சகோதரர்கள் அதே நகரில் கட்டணம் பெற்றுத் திரைப்படம் காட்டியது 1895ஆம் ஆண்டு டிசம்பரில்தான். ஆக, நிழற்படக் கருவியால் எடுத்த படம் திரையில் ஓடுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, கையால் வரைந்த படம் ஓடிவிட்டது. ரெய்னோ அன்று காட்டிய படங்களுள் ஒன்றுக்கு அவர் வரைந்தவை ஏறத்தாழ ஐந்நூறு ஓவியங்கள். அவற்றை முன்னும் பின்னுமாகத் தம் கையாலேயே சுழற்றி, கால்மணி நேரம்வரை கதையை நடத்திச் சென்றார். காலப்போக்கில் திரைப்படங்கள் பெருகவே, அவருடைய காட்சியை நாடுவார் குறைந்தனர். மனமுடைந்த அவர், தம் படச்சுருள்களுள் பெரும்பாலானவற்றைச் சேன் ஆற்றில் வீசியெறிந்தார். எஞ்சியவை மிகச் சில.

நம் நாட்டிலும் இதற்கொரு வரலாறு உண்டு. மலேசியாவின் முதல் அசைபடம் எனக் கூறப்படும் ‘ஹிகாயாட் சங் காஞ்சில்’ என்னும் சருகுமான் கதையை ஆக்கியவர் ஆனந்தம் சேவியர். அவர் ஃபிலெம் நெகாராவில் பணியாற்றியவர். 1978ஆம் ஆண்டில் தொடங்கிய அக்குறும்படம் தொலைக்காட்சி வழியாக மக்களைச் சென்றடைந்தது 1980களில்தான். சில நிமிடப் படத்திற்கு அத்தனை ஆண்டுகள்! இன்று ‘உப்பின் இப்பின்’ தொடரை அறியாத பிள்ளை நம் பள்ளியில் ஒருவரும் இலர். 2007ஆம் ஆண்டில் தொடங்கிய அத்தொடரில் வரும் ராஜூவைத் தம் அண்டை வீட்டுப் பையனைப்போல் கருதிப் பேசுகின்றனர். ஆயினும் ஆனந்தம் சேவியர் என்னும் பெயரை அவர்களுள் எத்தனை பேர் கேள்வியுற்றிருப்பர்?

பார்ப்பதில் நம் பிள்ளைகள் யாருக்கும் இளைத்தவரல்லர். கைப்பேசியில் மணிக்கணக்காகப் பார்க்கின்றனர். ஆனால், பார்ப்பவன் வேறு; படைப்பவன் வேறு. படைப்பதற்குப் பெருஞ்செலவாகும், பெருநகரத்துக் கலைக்கூடம் வேண்டும் என்றொரு தவறான எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. அதனை மாற்றும்பொருட்டே எங்கள் பள்ளிக் கணினி அறையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக்கொண்டு ஒரு சிறு முயற்சி மேற்கொண்டோம்.

எடுத்துக்கொண்ட மென்பொருள் ‘டக்ஸ் பெயிண்ட்’. சிறு குழந்தைகளுக்கென்றே பில் கெண்ட்ரிக் என்பவர் 2002ஆம் ஆண்டில் தொடங்கியது. விலை கிடையாது. பழைய கணினியிலும் ஓடும். ஒருமுறை பதிந்துகொண்டால் இணையத் தொடர்பும் வேண்டுவதில்லை. திரையின் ஓரத்தில் தூரிகை, கோடு, வடிவம், அழிப்பான் எனப் பெரிய பெரிய பொத்தான்கள் உள்ளன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையும் அரை மணியில் பழகிவிடும். இதில் ஒரு படத்தை வரைந்து சேமித்து, அதனையே சிறிது மாற்றிப் புதிய படமாகச் சேமித்து, மீண்டும் சிறிது மாற்றி மீண்டும் சேமிக்கலாம். பின்னர் அவற்றை வரிசைப்படுத்தி விரைவாக ஓடவிட்டால் படம் அசையத் தொடங்கும். சற்று வளர்ந்த மாணவர்க்குப் ‘பென்சில் டூ-டி’ என்னும் மற்றோர் இலவச மென்பொருள் உண்டு. அதில் முன் வரைந்த படம், எண்ணெய்த் தாளின் வழியே தெரிவதுபோல் மங்கலாகத் தெரியும். அதன்மேல் அடுத்த படத்தை வரையலாம். விநாடிக்குப் பன்னிரண்டு படம் என்பது அதில் முன்கூட்டியே அமைந்துள்ள கணக்கு.

எதை வரைவது? மாணவர்கள் முதலில் விரும்பியவை வாள்வீச்சும் வானூர்தியும்தாம். நான் கொடுத்த தலைப்பு வேறு: பால்மரத்தில் வெட்டுப்பட்ட கோட்டின் வழியே வழிந்துவரும் பால், தகரத்தின் நுனியில் திரண்டு, மங்கில் சொட்டுதல். ஒரே ஒரு சொட்டு.

எளிது என்று எண்ணினர். வரைந்து ஓடவிட்டபோது, சொட்டு கயிற்றில் கட்டி இறக்கியதுபோல் ஒரே சீராக இறங்கிற்று. “ஐயா, இது சொட்டு மாதிரி இல்லையே!” என்று அவர்களே கூறினர். ஏன் இல்லை என்ற கேள்வியிலிருந்துதான் பாடம் தொடங்கிற்று. விழும் பொருள் ஒரே வேகத்தில் விழுவதில்லை. விழ விழ வேகம் கூடும். சமகால இடைவெளிகளில் அது கடக்கும் தொலைவு ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என வளரும். இதனைக் கலிலியோ கண்டு கூறி ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆகின்றன. தகரத்திற்கும் மங்கிற்கும் இடையே ஒரு சாண் இருப்பதாகக் கொண்டால், சொட்டு விழக் கால் விநாடிகூட ஆகாது. அஃதாவது, இரண்டு மூன்று படங்களில் அது மங்கை அடைந்துவிட வேண்டும். மாணவர்களோ அதற்குப் பதினைந்து படம் வரைந்திருந்தனர்!

அப்படியாயின் எஞ்சிய படங்கள் எதற்கு? சொட்டு தொங்குவதற்கு. இதைக் கூறியவன் நான் அல்லன். ஒரு மாணவனின் பாட்டியார். முப்பதாண்டுகள் பால்வெட்டியவர். பேரன் வீட்டில் சென்று கேட்டபோது, “வெட்டினதும் வேகமா ஓடும்டா. நேரம் ஆக ஆகத்தான் சொட்டு நிக்கும். கனத்து, நீண்டு, இழுத்துக்கிட்டு நின்னு, அப்புறம்தான் விடும்” என்றாராம். மறுநாள் அவன் வரைந்த படத்தில் சொட்டு இருபது படங்கள்வரை தொங்கிக்கொண்டிருந்தது, கனத்தது, கழுத்து மெலிந்தது, பிறகு மூன்றே படங்களில் மங்கில் வீழ்ந்தது. இரண்டு விநாடிகூட ஓடாத படம். வகுப்பே கைதட்டிற்று.

பெற்றோர்களே, இங்கேதான் என் கருத்து நிற்கின்றது. நம் வட்டாரத்தில் பால்மரங்கள் அழிந்து செம்பனை வந்து நெடுநாளாயிற்று. பால் சொட்டுவதைக் கண்ணால் கண்டவர் அவ்வகுப்பில் இருவரே. மற்றவர்க்கு ‘மங்கு’ என்னும் சொல்லே புதிது. படம் வரைய வேண்டியிருந்ததால் அவர்கள் தம் தாத்தா பாட்டியிடம் சென்று கேட்டனர். வாளியை எத்தோளில் சுமந்தீர்கள், நெற்றி விளக்கை எங்ஙனம் கட்டினீர்கள், கத்தியை எப்பக்கம் சாய்த்தீர்கள் என்றெல்லாம் கேட்டனர். ‘பழைய கதையைக் கேள்’ என்று நாம் ஆயிரம் முறை கூறினாலும் செவிசாய்க்காத பிள்ளை, ஒரு கையின் அசைவு சரியாக வரவேண்டும் என்பதற்காகத் தானே சென்று கேட்கின்றது. இதைவிட வேறென்ன வேண்டும்?

இம்மென்பொருளில் எனக்குப் பிடிக்காதனவும் உண்டு. ஆயத்தமாக உள்ள விலங்கு, பூ, வண்டி முதலிய ஒட்டுப்படங்கள் ஏராளம். பிள்ளைகள் ஒரு யானையை அழுத்திப் பதித்துவிட்டு வேலை முடிந்தது என்கின்றனர். அப்பொத்தானை நாங்கள் முதல் மாதம் தொடக்கூடாது என்று விலக்கி வைத்தோம். பிழையை ஒரே அழுத்தில் நீக்கும் வசதியை மட்டும் தடுக்கவில்லை. தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, ‘எனக்கு வரைய வராது’ என்று கூறிய பிள்ளைகளுக்கு அது பெரிய துணை.

‘கேட்ட மாத்திரத்தில் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட இக்காலத்தில், சொட்டுச் சொட்டாக வரைந்துகொண்டிருப்பானேன்?’ என்று ஒரு தந்தையார் வினவினார். நல்ல கேள்வி. அது படத்தைத் தரும், மறுக்கவில்லை. ஆனால், சொட்டு ஏன் உடனே விழவில்லை என்று அது நம் பிள்ளையைக் கேட்க வைக்காது. பாட்டியாரிடமும் அனுப்பி வைக்காது. வளர்ந்தபின் அக்கருவியை அவன் ஆளட்டும். பத்து வயதில் அவன் கையும் கண்ணும் பழகட்டும்.

மற்றொரு தயக்கம், படிப்புக் கெட்டுவிடும் என்பது. 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பின்னரும், பிள்ளைகளின் மாலைப்பொழுது துணைப்பாட வகுப்புகளுக்கே போகின்றது. வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்கின்றேன். அம்மணி நேரத்தில் கணக்கும் அறிவியலும் ஓவியமும் இருக்கின்றன. கதைக்குக் குரல் கொடுக்கும்போது நல்ல தமிழும் வந்து சேர்கின்றது. இத்தனையும் தரும் மணி நேரத்தை வீண் என்று கூற எனக்கு மனம் வரவில்லை.

வரும் அக்டோபர் 28ஆம் நாள் மாலை, பள்ளி மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி மாணவர்களின் படங்களைக் காட்டுமாறு தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் கேட்டிருக்கின்றேன். ஒவ்வொன்றும் சில விநாடிகளே ஓடும். ஆகவே இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்பக் காட்டுவோம். வேலை முடிந்து வருவோரின் வசதி கருதி ஐந்து மணிக்குத் தொடங்கலாம். அடுத்ததாகச் செம்பனைக் குலை விழுவதை வரைய மாணவர்கள் விரும்புகின்றனர். அது எங்ஙனம் விழும், விழுந்தபின் எத்துணைப் பழங்கள் சிதறும் என்பதை அறுவடை செய்யும் தந்தைமார் யாரேனும் வகுப்பிற்கு வந்து கூறினால் பேருதவியாக இருக்கும். பழைய மங்கு, பால்வாளி, வெட்டுக்கத்தி ஆகியவற்றை இன்னும் வீட்டில் வைத்திருப்போர், மாணவர்கள் பார்த்து வரையும்பொருட்டுச் சில நாள் இரவலாகத் தந்துதவ வேண்டுகின்றேன். பெயரெழுதிக் கொடுத்தால் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.