கண்ணுக்கு விருந்து, நாவுக்குப் பட்டினி

சிங்கப்பூர்த் தமிழரிடையே ஓர் ஆறுதல் மொழி நெடுநாளாக உலவி வருகின்றது. "பிள்ளை தமிழ் பேசுவதில்லையே" என்று எவரேனும் கவலையுற்றால், "அதனால் என்ன? நாள்தோறும் தமிழ்த் தொடர் பார்க்கிறான். புதுப்படம் ஒன்றையும் விடுவதில்லை. தமிழ் எங்கே போய்விடும்?" என்று மற்றொருவர் தேற்றுகின்றார். சிராங்கூன் சாலையின் உணவுக் கடைகளிலும், திருமண மண்டபங்களிலும், ஏன், சில வேளைகளில் பள்ளியின் ஆசிரியர் அறையிலுங்கூட இம்மொழி கேட்கின்றது. செவிக்கு இனிய இம்மொழி உண்மையன்று, தீங்கும் பயப்பது. தமிழாசிரியரும் தமிழ் மாணவரும் இதனை முதற்கண் தம் நெஞ்சிலிருந்து களைதல் வேண்டும்.

எதிர்த்தரப்பாரின் வாதத்தில் வலிமை இல்லாமல் இல்லை. திரை தமிழை வளர்த்த காலம் ஒன்று இருந்தது. அதனை மறுப்பார் நன்றி மறந்தவராவர். 1952ஆம் ஆண்டு வெளிவந்த 'பராசக்தி' திரைப்படத்தில் மு. கருணாநிதி தீட்டிய உரையாடலைச் சிவாஜி கணேசன் முழங்கக் கேட்ட இளைஞர் அதனை மனப்பாடம் செய்தனர். மேடைதோறும் பேசிக் காட்டினர். இரங்கூனில் வாழ்ந்த அண்ணன் தம்பியர் போர்க்காலத்தில் தாயகம் திரும்ப முற்பட்டுச் சிதறுண்டு போவதே அப்படத்தின் கதையாதலின், கடல் கடந்த தமிழருக்கு அது அயலார் கதையாகவும் தோன்றவில்லை. 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எத்தனையோ பள்ளி நாடகங்களுக்குத் தாயாயிற்று. அந்நாளைய இளைஞர் பலர் நல்ல தமிழ்ச் சொல்லடுக்குகளைத் திரையரங்கிலிருந்தே வீட்டுக்குக் கொண்டு வந்தனர் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அன்று திரை பொழிந்த மழை விளைநிலத்தில் விழுந்தது. வீட்டில் தமிழ் இருந்தது. வேலையிடத்தில் தமிழ் இருந்தது. தமிழையே பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளும் இருந்தன. 1946இல் தோன்றிப் பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, மாணவர் எண்ணிக்கை குறைந்து 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மொழியாயிற்று. இன்றைய குழந்தைக்குத் தமிழ் ஒரு பாடம். கால அட்டவணையின் ஒரு கட்டம். முளைத்து நின்ற பயிருக்கு உரமிட்ட திரையை, விதையே ஊன்றாத நிலத்தில் அறுவடைக்கு அழைப்பது எங்ஙனம் பொருந்தும்?

கணக்கையும் சற்று நோக்குதல் நன்று. 2000ஆம் ஆண்டு சனவரித் திங்களில் 'வசந்தம் சென்ட்ரல்' என்னும் பெயரில் தமிழ் நிகழ்ச்சிகளுக்குத் தொலைக்காட்சியில் புது நேரம் பிறந்தது. 2008 அக்டோபரில் 'வசந்தம்' தனி ஒளிவழியாயிற்று. கம்பிவடத்தின் வழியும் இணையத்தின் வழியும் தமிழகத்து ஒளிவழிகள் இல்லந்தோறும் புகுந்தன. ஆக, இந்நாட்டுத் தமிழர் இன்று காண்பதைப் போல இத்துணைத் தமிழ்க் காட்சிகளை அவர்தம் முன்னோர் கனவிலும் கண்டதில்லை. ஆனால், குடிமதிப்புக் கணக்கு கூறுவது யாது? வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர், 5 வயதும் அதற்கு மேலுமான குடியிருப்பாளருள் 2010இல் நூற்றுக்கு 3.3 ஆக இருந்தனர், 2020இல் 2.5 ஆகக் குறைந்தனர். இந்தியர் விழுக்காடோ அப்பத்தாண்டில் 9ஐ ஒட்டியே நின்றது. தொலைக்காட்சியே இவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்று கூறுதல் நேர்மையன்று. அஃது இல்லாதிருப்பின் வீழ்ச்சி இன்னும் விரைந்திருக்கும் என்று ஒருவர் வாதிடலாம்; இருக்கட்டும். ஆனால், பார்ப்பதனாலேயே மொழி வாழ்ந்துவிடும் என்னும் கூற்று பொய்த்துவிட்டது என்பதை மட்டும் எவரும் மறுத்தற்கில்லை.

பொய்த்ததற்குக் காரணம் எளிது. பார்வையாளனிடம் திரை எதனையும் கேட்பதில்லை. ஆசிரியர் வினவினால் விடை கூற வேண்டும். பாட்டி வினவினால் மறுமொழி தர வேண்டும். நெடுந்தொடர் எவரையும் வினவுவதில்லை. ஈராயிரம் மணி நேரம் அதன்முன் அமர்ந்திருந்தாலும் நாவுக்கு ஒரு சொல் வேலை இல்லை. திரையரங்கிலோ நிலை இன்னும் இரங்கத்தக்கது. படத்தின் அடியில் ஆங்கில வரிகள் ஓடுகின்றன. பிள்ளையின் கண் அவற்றின்மீது ஓடுகின்றது. தமிழ் உரையாடல் பின்னணி இசையோடு இசையாய்க் காதைக் கடந்து போகின்றது. மூன்று மணி நேரம் தமிழ்ப் படம் பார்த்ததாகப் பெற்றோர் மகிழ்கின்றனர். பிள்ளையோ மூன்று மணி நேரம் ஆங்கிலம் படித்துவிட்டு வீடு திரும்புகின்றது.

இதன் விளைவை எந்தத் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியரும் அறிவார். இன்றைய வாய்மொழித் தேர்வில் மாணவர்க்கு ஒரு காணொளியைக் காட்டி, அதுபற்றி உரையாடச் சொல்கின்றனர். நாள்தோறும் பாட்டியின் அருகமர்ந்து தொடர் பார்க்கும் சிறுமி காணொளியைக் கூர்ந்து நோக்குகின்றாள். நடந்தது அனைத்தும் அவளுக்குப் புரிகின்றது. "இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று தேர்வாளர் கேட்டவுடன் அவள் நா எழவில்லை. காட்சி அவளுக்குப் பழக்கம்; கருத்துரைத்தல் பழக்கமன்று. கண்ணுக்கு நாளெல்லாம் விருந்து வைத்தவர்கள் அவள் நாவைப் பட்டினி போட்டுவிட்டனர்.

இனி, அவ்விருந்தின் தன்மையைப் பார்ப்போர் பார்க்கட்டும். 'கோலங்கள்' என்னும் நெடுந்தொடர் 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. 1500 பகுதிகளுக்கு மேல் ஓடிற்று. 2004 சனவரியில் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த சிங்கப்பூர்க் குழந்தை, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வெழுதி வெளிவந்த ஆண்டு 2009. ஒரு பிள்ளை எழுத்தறியத் தொடங்கி ஆறாண்டுக் கல்வியை முடித்து வெளியேறும் காலமும், ஒரு கதை முடியும் காலமும் ஒன்றாக இருந்தன! பகுதிக்கு அரை மணி நேரமெனக் கொள்ளின் 750 மணி நேரம். தன் உழைப்பால் கட்டடத் தொழிலில் உயரும் ஒரு பெண்ணை நடுவில் நிறுத்திய அத்தொடரின் கரு நல்ல கருவே. ஒரு புதினத்திற்குரிய அக்கருவை ஆறாண்டு நீட்டியபோது, பாலில் நீர் கலந்தது போய், நீரில் பால் கலந்ததாயிற்று.

பிற தொடர்கள் பலவற்றில் அத்தகைய கருவும் இல்லை. கதவோரம் நின்று ஒட்டுக் கேட்கும் மாமியார், நஞ்சு கலக்கும் நாத்தனார், அறை வாங்கிய முகத்தை மும்முறை காட்டும் படக்கருவி, ஒரு சொல்லால் தீர்ந்துவிடும் ஐயத்தை ஓராண்டு தீர்க்காத கணவன் என வந்தவையே வருகின்றன. இவர்கள் பேசும் தமிழில் சூளுரையும் சாபமும் அழுகையும் மிகுதி. ஒரு செய்தியை விளக்குதல், காரணம் காட்டுதல், மாற்றுக் கருத்தை மதித்து மறுத்தல் ஆகியன அருகியே காணப்படுகின்றன. வீட்டில் வேறு தமிழ் கேளாத குழந்தை, தமிழ் என்பது சண்டையிடவும் அழவும் உரிய மொழி. சிந்திக்க வேண்டுமாயின் ஆங்கிலம் வேண்டும் என்று முடிவு செய்யுமாயின், அக்குழந்தையைக் குறை கூறுவார் யார்?

வெற்றிப் படங்களின் நிலையும் வேறன்று. 'பராசக்தி'யின் நாயகன் நீதிமன்றத்தில் நின்று சொல்லால் போராடினான். 'ஜெயிலர்', 'லியோ' (2023) ஆகிய படங்களின் நாயகர்க்குக் கருவிகளே பேசுகின்றன; சொல் தீர்க்க வேண்டியதைக் கத்தியும் துப்பாக்கியும் தீர்த்து விடுகின்றன. 2025இல் வந்த 'கூலி' இந்தியத் தணிக்கையில் வயது வந்தோர்க்கு மட்டுமே என்னும் சான்றிதழ் பெற்றது. அத்தகைய படத்தின் பாடலுக்குப் பள்ளிப் பிள்ளைகள் ஆடுவதைக் கண்டு தமிழ் வளர்கிறது என்று மகிழ்வது பேதைமை. நாயகனின் நடையைப் பின்பற்றலாம். மூக்குக் கண்ணாடியைப் பின்பற்றலாம். அவன் பேசாத மொழியைப் பிள்ளைகள் எங்ஙனம் பின்பற்றுவர்?

இவற்றினும் ஆழமான குறை ஒன்றுண்டு. அத்திரையில் சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளை இல்லை. 'பிரியா' (1978), 'நினைத்தாலே இனிக்கும்' (1979) ஆகிய படங்கள் இத்தீவிற்கு வந்து படமெடுத்துச் சென்றன. இத்தீவு அவற்றுக்கு அழகிய திரைச்சீலையாக அமைந்தது. வீவக அடுக்குமாடியில் வாழ்ந்து, எம்ஆர்டி ரயிலேறி, சீன நண்பனோடும் மலாய்த் தோழியோடும் உண்டு படிக்கும் பிள்ளை தன் முகத்தை அங்குக் காண்பதில்லை. தமிழ் என்பது வேறொரு நாட்டில் வேறெவருக்கோ நிகழ்வது என்னும் எண்ணம் அதன் உள்ளத்தில் வேரூன்றுகின்றது. ஒரு மொழி இறப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

அம்முகத்தைக் காட்டியோர் இந்நாட்டில் இல்லாமற் போகவில்லை. 'புதுமைதாசன்' என்னும் பி. கிருஷ்ணன் 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' என்னும் வானொலித் தொடரில் அடுக்குமாடி வாழ்வையே நகைச்சுவையோடு நாடகமாக்கினார். 2010இல் தொடங்கிய 'வேட்டை' இந்நாட்டுக் காவலரைத் தமிழ் பேச வைத்தது. தமிழரல்லாத இயக்குநர் எரிக் கூ, இத்தீவின் தமிழ்த் தந்தை ஒருவரையும் அவர் மகனையும் பற்றி 'மை மேஜிக்' என்னும் படத்தை எடுத்தார். அது 2008இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுவரை சென்றது. தமிழகத்து நாயகனின் படத்திற்கு முதல்நாள் முதற்காட்சிக்கு முந்துவோர், இந்தப் படத்தின் பெயரையேனும் தம் பிள்ளைகளுக்குச் சொன்னதுண்டா? உள்ளூர்ப் படைப்புகள் தரம் குறைந்தவை என்பார் சிலர். பாராதவர்க்குத் தரம்பற்றிப் பேச உரிமை இல்லை. பார்த்துக் குறை கூறுவோர் பெருகினால் தரமும் தானே உயரும்.

பழியைப் பெற்றோர் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு ஆசிரியர் உலகம் விலகிச் செல்லுதல் இயலாது. ஆசிரியருள் ஒரு சாரார் திரைப்படம் என்னும் சொல்லையே வகுப்பறை வாயிலில் நிறுத்தி விடுகின்றனர். மாலையில் தாமே அதே தொடரின்முன் அமர்கின்றனர். மற்றொரு சாரார் மாணவரைக் கவர வேண்டுமென்று திரையிசை நடனத்தையும் நட்சத்திர வினாவிடையையும் தமிழ்விழா மேடைக்கே ஏற்றி விடுகின்றனர். முன்னவர் கதவை அடைக்கின்றனர். பின்னவர் வீட்டையே ஒப்படைத்து விடுகின்றனர். 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. பிள்ளைகள் பேசத் துடிக்கும் பொருளைத் தடை செய்துவிட்டு, எப்பொருள்பற்றி அவர்களைப் பேசச் சொல்வது?

செய்யத்தக்கது இரண்டிற்கும் இடைப்பட்டது, இரண்டினும் கடினமானது. திரையை வணங்கவும் வேண்டா, விரட்டவும் வேண்டா; அதனை விசாரணைக் கூண்டில் ஏற்றுதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, மணிரத்தினம் இயக்கிய 'பொன்னியின் செல்வன்' 2022இலும் 2023இலும் இரு பாகங்களாக வந்தது. கல்கியின் புதினமோ ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், வந்தியத்தேவன் குதிரையேறி வருவதிலிருந்து தொடங்குகின்றது. திரைப்படம் ஆதித்த கரிகாலனின் போரை முன்னே வைக்கின்றது. எழுத்தாளர் ஏன் ஏரியில் தொடங்கினார், இயக்குநர் ஏன் போரில் தொடங்கினார் என்று கேட்டு வகுப்பை இரு அணியாகப் பிரித்தால், படத்தை மட்டும் பார்த்தவனும் தன் கட்சிக்காகப் புதினத்தின் முதல் அத்தியாயத்தைத் தேடுவான். அவன் அதைத் தமிழில் படிப்பான், தமிழில் வாதிடுவான். 'பராசக்தி'யின் நீதிமன்றம் அன்று வகுப்பறையில் கூடும்.

இல்லத்திலும் அவ்வாறே. தொடர் முடிந்தவுடன் பாட்டி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "அவள் செய்தது சரியா?" என்று பேரப்பிள்ளையை ஒரு வினா கேட்கட்டும், பிள்ளை தடுமாறினாலும் தமிழிலேயே விடை சொல்லும்வரை காத்திருக்கட்டும். அவ்வொரு வினா 1500 பகுதிகளும் செய்யாததைச் செய்யும்.

தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. அச்சிறப்பைச் சட்டம் தந்தது, சட்டம் காக்கும். ஆனால், ஒரு வீட்டுக் கூடத்தில் தமிழ் பேசப்படுவதை எச்சட்டமும் ஆணையிட இயலாது. பார்க்கும் மொழியாக மட்டும் எஞ்சிய மொழி, பார்ப்போர் இருக்கும்வரை காட்சிப் பொருளாக இருக்கும். பேசுவோர் இருக்கும்வரையே மொழியாக இருக்கும். பிள்ளை தமிழ்த் தொடர் பார்க்கிறதே என்று இனி எவரேனும் தேற்ற முன்வந்தால், தமிழாசிரியர் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றே: பார்த்ததைப் பற்றித் தமிழில் என்ன பேசியது?