ஒற்றை ஊசியில் ஓயாத காய்ச்சல்

போடிநாயக்கனூரிலும் போடிமெட்டு வரை ஏறும் ஏலமலைச் சரிவுகளிலும் நாய் வளர்ப்போரிடம் வேரூன்றிய நம்பிக்கைகளுள் மிகவும் கேடானது, உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்க்கு ஓர் ஊசி போட்டுவிட்டால் நோய் தீர்ந்துவிடும் என்பதாகும். ஊசி போட்ட இரண்டாம் நாளில் நாய் எழுந்து கஞ்சி குடிப்பதைக் காண்பவர் அவ்வாறு நம்புவது இயல்பே. எனினும் காய்ச்சல் தணிவது வேறு, கிருமி அழிவது வேறு.

உண்ணிக் காய்ச்சல் என்பது ஒரே நோயின் பெயர் அன்று. உண்ணி கடிக்கும்போது நாயின் உடலில் புகும் கிருமிகளுள் பபேசியா என்பது சிவப்பணுக்களுக்குள் பெருகி அவற்றை உடைக்கும் ஓரணு உயிரி. எர்லிக்கியா என்பதோ வெள்ளையணுக்களைப் பற்றும் பாக்டீரியா. பின்னதற்கு டாக்சிசைக்ளின் ஏறத்தாழ நான்கு வாரங்கள் கொடுக்கப்பட வேண்டும். முன்னதற்கு ஓரணு உயிரிகளைக் கொல்லும் மருந்து வேண்டும். இரண்டையும் ஊர் ஒரே பெயரால் அழைப்பதால் இரண்டுக்கும் ஒரே ஊசி போதும் என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறது.

பபேசியாவிலும் பெரியது, சிறியது என இருவகை உண்டு. வழக்கமாகப் போடப்படும் டிமினாசீன் ஊசி பெரிய வகையை நன்கு அடக்கும். ஆனால் பபேசியா கிப்சோனி என்னும் சிறிய வகையின் எண்ணிக்கையைக் குறைக்குமே தவிர, அதைப் பெரும்பாலும் முற்றாக ஒழிப்பதில்லை. இந்தச் சிறிய வகை எங்கிருந்தோ வந்து சேர்ந்த புதிய கிருமியும் அன்று. மெட்ராஸ் வேட்டைக் குழுவின் நாய்களுடைய இரத்தத்திலும் பின்னர் நரியின் இரத்தத்திலும் கண்டு, 1910இல் பேட்டன் என்பவர் அறிவியல் உலகுக்கு அறிவித்தது இதைத்தான். நூறாண்டுக்கு மேலாக இந்த மண்ணில் அறியப்பட்ட ஒன்றை இன்னமும் பெயர் கேளாமலே ஊசியால் குத்துவது பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று. இதற்கு அடோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துப் பத்து நாள் கொடுக்கும் முறை உண்டு. அது விலை கூடியது என்பது உண்மை, ஆனால் பயன்படாத மருந்து எவ்வளவு மலிவாயினும் வீண் செலவே.

மாட்டுக்கு வாங்கிய மருந்துப் புட்டியிலிருந்து கண்ணளவில் உறிஞ்சி நாய்க்குப் போடும் வழக்கம் இதைவிடக் கொடியது. ஏழு விழுக்காட்டு டிமினாசீன் கரைசலில், முந்நூறு கிலோ மாட்டுக்கு 15 மில்லி செல்லும் என்றால், பதினைந்து கிலோ நாய்க்குச் செல்ல வேண்டியது முக்கால் மில்லி மட்டுமே. இம்மருந்தில் நாய்க்கு உகந்த அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. அளவு மீறினால் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, நாய் தள்ளாடி விழுந்து, வலிப்புக் கண்டு இறக்கக்கூடும். அப்போதும் பழி காய்ச்சலின் மீதே விழுகிறது.

கோம்பை போன்ற நாட்டு நாயை இந்நோய் அண்டாது என்ற பேச்சும் இந்த அலட்சியத்துக்குத் துணைநிற்கிறது. வலிய நாய் நோயைத் தாங்கிக்கொள்ளும். தாங்குவதாலேயே கிருமியை உடலில் சுமந்து, தன்னைக் கடிக்கும் உண்ணிக்கும், தாய் நாயாயின் குட்டிக்கும், சண்டையிடுகையில் எதிர் நாய்க்கும் அதைக் கடத்தக்கூடும். தோட்டத்துக்குப் போய்வரும் நாயின் காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் அன்றாடம் உண்ணி தேடாமல் எந்த ஊசியும் பயன் தராது.

நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால், முதலில் நடக்க வேண்டியது காது விளிம்பில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது. சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவில் இணையாகத் தெரிந்தால் பெரிய வகை. சின்னஞ்சிறு வளையமாகத் தெரிந்தால் பெரும்பாலும் கிப்சோனி. தகட்டில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைவாக இருந்தால் பிசிஆர் சோதனை தேவைப்படும். மருந்து முடிந்த பின் அறுபதாம் நாளிலும் தொண்ணூறாம் நாளிலும் அதே சோதனையைத் திரும்பச் செய்து, இரண்டிலும் கிருமி இல்லை என்று வரும்வரை அந்நாயைக் குணமடைந்ததாகக் கணக்கில் கொள்ளலாகாது.