மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது?

எங்கள் தெருவில் அறுபதைத் தாண்டிய ஆண்களில் பலருக்குத் தாங்கள் விழுங்கும் சர்க்கரை மாத்திரையின் பெயர் தெரியாது. நிறம்கூடத் தெரியாது. சாப்பாட்டுக்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று என்று மனைவி உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்பையும் நீட்டுவார். குளிக்கப் போனால் துண்டு பின்னாலேயே போகும். வெளியே கிளம்பினால் கண்ணாடி, சாவி, பாஸ்புக் ஒவ்வொன்றாக வாசலுக்கு வரும். எந்தக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதினோம் என்ற கணக்கும் அந்த அம்மாவின் நோட்டில்தான் இருக்கும். இதை யாரும் நோய் என்று சொன்னதில்லை. குடும்பம் என்றால் அப்படித்தான் என்பார்கள்.

அதே வேலைகளில் ஒரு பெண் தடுமாறினால் அவளுக்கு உடனே ஒரு பட்டம் கிடைத்துவிடும்: சாமர்த்தியம் போதாதவள். எனக்கு அந்தப் பட்டம் கிடைத்து வெகு காலமாகிறது.

நான் அடி அண்ணாமலையில் இருக்கிறேன். கிரிவலப் பாதையில் வருண லிங்கத்தைத் தாண்டி, வாயு லிங்கம் வருவதற்கு முன்னால், ஆதி அண்ணாமலையார் கோயில் இருக்கிற ஊர். கணவர் செங்கம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர், விடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். நான் வீட்டிலிருந்தே பதிப்பகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். அறுநூறு பக்க நாவலில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால் என் கண் அங்கே போய் நின்றுவிடும். ஆனால் சிங்க்கில் கிடக்கும் இட்லிப் பானையைக் கழுவ வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டே இருப்பேன், எழுந்திருக்க மாட்டேன். கழுவத் தெரியாமல் இல்லை, மனம் இல்லாமலும் இல்லை. நினைப்புக்கும் எழுந்திருப்பதற்கும் நடுவில் ஏதோ ஒன்று பிடித்துக்கொள்ளாமல் நழுவுகிறது. பார்க்கிறவர்களுக்கு அது சோம்பலாகத்தான் தெரியும். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மருத்துவர்கள் இதை எக்ஸிக்யூட்டிவ் டிஸ்ஃபங்ஷன் என்கிறார்கள். வேலையைத் தொடங்குவது, அதைப் படிகளாகப் பிரிப்பது, எந்தப் படியில் விட்டோம் என்று நினைவு வைப்பது, முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது ஆகிய நிர்வாகத்தைப் பெரும்பாலும் மூளையின் முன்பகுதிதான் பார்த்துக்கொள்கிறது. அங்கே ஏற்படும் தடுமாற்றத்துக்குக் காரணங்கள் பல. தலையில் அடிபட்டவர்களுக்கும், பக்கவாதம் வந்தவர்களுக்கும், பார்க்கின்சன், மனச்சோர்வு, மனச்சிதைவு உள்ளவர்களுக்கும் அது வரலாம். எனக்கு ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைபாட்டால் வந்தது. முதலில் தைராய்டு, ரத்தசோகை, பி12 எல்லாம் பார்த்தார்கள். அப்படிப் பார்ப்பதுதான் முறை. அப்புறம் மருத்துவர் என் அம்மாவிடம் பேச வேண்டும் என்றார். 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது இருந்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு. அம்மா போனில், "அதுவா சார், புஸ்தகப் பைய பள்ளிக்கூடத்துலயே வுட்டுட்டு வெறும் டிபன் பாக்ஸோட வந்து நிக்கும்" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. இத்தனையையும் இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தாரோ.

எல்லாருக்கும்தான் மறதி இருக்கிறது, இதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் வேண்டுமா என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் இருப்பது உண்மைதான். ரத்த அழுத்தமும் எல்லாருக்கும் இருக்கிறது. ஓர் அளவுக்கு மேல் போனால்தான் மாத்திரை எழுதுகிறார்கள். இங்கே அளவுகோல், அது வாழ்க்கையில் எவ்வளவு விலை வாங்குகிறது என்பது. கரண்ட் பில் மாதாமாதம் வந்தால் எப்படியோ பழகிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது என்னைப் போன்றவர்களுக்கென்றே யாரோ யோசித்து வைத்த கண்ணி. பல்லில் வலி இருப்பதும், பல் மருத்துவரின் எண் போனில் இருப்பதும் தெரியும். கன்னம் வீங்கும் வரை அழைப்பு போகாது. எளிதில் முடிந்திருக்க வேண்டிய அடைப்பு, வேர் சிகிச்சை வரை இழுத்துக்கொண்டு போகும். சிந்தித்துப் பார்த்தால் ஏழைக்கு இது இன்னும் அதிக விலை கேட்கும். அமைச்சருக்கு நாட்குறிப்பைப் பார்த்துக்கொள்ள உதவியாளர் உண்டு. தொழிலதிபருக்கு வரி கட்ட ஆடிட்டர், வண்டி ஓட்ட டிரைவர், சமைக்க ஆள். அவர்களில் எத்தனை பேருக்கு எங்கள் குறைபாடு இருக்கிறதோ, கண்டுபிடிக்கவே முடியாது.

இந்தக் கோளாறைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக எழுதிவரும் அமெரிக்க உளவியலாளர் ரஸல் பார்க்லி ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். எங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். தெரிந்ததைச் செய்கிற இடத்தில்தான் தடங்கல். ஆகவே உதவியும் அந்த இடத்துக்கே, அந்த நேரத்துக்கே வர வேண்டும். புத்திமதிக்கு இதில் பயன் குறைவு. என் வீட்டில் இதன் பொருள் மிகச் சாதாரணமானது. என் மாத்திரை மருந்து அலமாரியில் இல்லை. காபி ஃபில்டரின் மூடிமேல் இருக்கிறது. அதை எடுக்காமல் காபி போட முடியாது. மிக்ஸிக்கு மேலே இருந்த அலமாரியின் கதவைக் கழற்றிவிட்டோம், ஏனென்றால் கதவுக்குப் பின்னால் போகிற பொருள் என்னைப் பொறுத்தவரை வீட்டைவிட்டே போன பொருள். எங்களோடு இருக்கும் அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "வூடா இது, மளிக கடையா?" என்றார். கடையில் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருப்பதும் காரணத்தோடுதானே அத்தை என்றேன்.

தோசை மாவு விஷயத்தில் அத்தையும் நானும் ஒப்பந்தத்துக்கு வந்தோம். மாவு அரைப்பது அவருக்கு ஒரே வேலை. எனக்கு அது அரிசி அளப்பது, உளுந்து அளப்பது, வெந்தயத்தைத் தேடுவது, ஊறும் நேரத்தை நினைவு வைப்பது, கிரைண்டர் கல்லைக் கழுவுவது, கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பது, பெரிய பாத்திரம் காலியாக இல்லை என்று கண்டுபிடிப்பது, அந்தப் பாத்திரத்தில் இருப்பதை எங்கே மாற்றுவது என்று நிற்பது. நின்ற இடத்தில் அரை மணி நேரம் போகும். இப்போது அவர் அடுக்களை வாசலில் முறத்தோடு உட்காருகிறார். எதுவும் சொல்வதில்லை, செய்வதில்லை. கீரை ஆய்கிறார். அவர் அங்கே இருப்பதாலேயே என் கை ஓடுகிறது. எதிர்வீட்டு அக்காவும் மதியத்தில் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுகிறார். அவர் சரம் தொடுக்கத் தொடுக்க நான் புரூஃப் பார்க்கிறேன். வெளிநாட்டில் முன்பின் தெரியாதவர்கள் இதையே வீடியோ அழைப்பில் செய்கிறார்களாம். சிலர் அதற்குக் காசும் கட்டுகிறார்கள். கூடி உட்கார்ந்து புளி கொட்டையெடுத்த, மிளகாய் காம்பு கிள்ளிய ஊர் இது. கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் நாம் இதற்கு ஆள் தேட வேண்டியதாகிவிட்டது.

பொழுதுபோக்கைப் பற்றிப் பேசினால் என் வீட்டார் சிரிப்பார்கள். ஆரி வேலைக்கு வாங்கிய சட்டம், ஊசி, ஜர்தோசி, வாட்டர்கலர் பெட்டி, கீபோர்டு. எல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. ஆரம்பசூரத்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். புதியது கிடைத்தால் எங்கள் மூளை பற்றிக்கொள்கிறது. புதுமை தீர்ந்ததும் விட்டுவிடுகிறது. சாமான் வாங்கிய காசு வீண் என்பது குற்றச்சாட்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று வாரம் வரைந்ததும் வரைந்ததுதான். உருப்படியாகச் செய்து முடித்தால்தான் பொழுதுபோக்குக்கே அனுமதி என்று சொல்கிற வீட்டில், வேலைகள் என்றும் முடியாத பெண்ணுக்குப் பொழுதுபோக்கே வாய்க்காது. இத்தனையிலும் நிலைத்தது கோலம் ஒன்றுதான். யோசித்தால் காரணம் தெரிகிறது: வாசல் தெளித்த ஈரம் காய்வதற்குள் தொடங்கியாக வேண்டும், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், மிச்சம் வைத்து நாளைக்குச் சேர்க்க எதுவும் இல்லை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்று அவருக்குத் தனிக்கோயிலே இருக்கிற ஊர். மார்கழியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அதே நேரத்தில் வாசலில் இருப்பார்கள். பௌர்ணமியன்று ஆயிரக்கணக்கான கால்கள் அதை மிதித்து அழித்துக்கொண்டு போகும். எனக்கு அதில் வருத்தமே கிடையாது.

நடைப்பயிற்சிக்கும் இந்தப் பாதையையே பிடித்துக்கொண்டேன். 14 கிலோமீட்டர் நடக்க ஆந்திராவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பாதைமேலேயே வீடு இருப்பவர்களுக்குத்தான் நேரம் கிடைப்பதில்லை. கிரிவலத்தை வகுத்தவர்கள் எதை நினைத்து வகுத்தார்களோ, என் மூளைக்கு ஏற்றபடி அமைந்துவிட்டது. எந்தப் பக்கம் திரும்புவது என்ற கேள்வி இல்லை, மலை எப்போதும் வலக்கைப் பக்கம். எட்டு லிங்கங்கள் தூரத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கின்றன. முழுச் சுற்றை நினைத்தால் நான் செருப்பைக்கூடத் தேட மாட்டேன். வாயு லிங்கம் வரை போய், வந்த வழியே திரும்பிவிடுகிறேன். பாதியில் திரும்புவது அப்பிரதட்சணம் ஆகிவிடாதா என்று அத்தைக்குக் கவலை. இது கிரிவலமே இல்லை, வாக்கிங் என்று சொல்லிச் சமாதானப்படுத்தி இருக்கிறேன். தியானம் பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாத ஆள் இந்தப் பகுதியில் இல்லை. வாடகைக்கு வீடெடுத்திருக்கும் வெள்ளைக்காரர்களும் சொல்கிறார்கள். உட்காருவதையும் யாராவது தொடங்க வேண்டுமே.

அரசுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பாதி வேலையை அரசு ஏற்கெனவே செய்துவிட்டது என்பதுதான் என் வாதம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிறது. 2024இல் ஐ.நா. விருதும் வாங்கியது. மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் அதை வாங்க வருவதில் மனிதர்கள் தவறிவிடுகிறார்கள் என்ற எளிய உண்மையை அந்தத் திட்டம் ஒப்புக்கொண்டது. எங்கள் அத்தைக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர், ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்றும் விசாரித்துவிட்டுப் போவார். அத்தையை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை.

மனநலத்தில் மட்டும் எல்லாம் தலைகீழ். தேதியை நினைவு வைத்து, சீட்டைத் தொலைக்காமல், விடியலில் கிளம்பி, வரிசையில் பொறுமையாக நின்று, மருந்து தீர்வதற்குள் மறுபடி வரத் தெரிந்தவர்களுக்குத்தான் சிகிச்சை. எந்தத் திறன் இல்லை என்று வருகிறோமோ, அதையே நுழைவுக் கட்டணமாகக் கேட்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு நோய் வேறுபட்டாலும் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. வெட்கம், செலவு, மருத்துவர் பற்றாக்குறை என்று காரணங்கள் அடுக்குவார்கள், எல்லாம் உண்மை. போய் நிற்கவே முடியாதவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமை என்கிறது. 2022இல் வந்த 14416 தொலைபேசிச் சேவை நல்ல ஏற்பாடு, தமிழில் பேசலாம், வரிசை கிடையாது. ஆனால் அழைக்க வேண்டியது நாங்கள்தான்.

எனக்கு எழுதும் மெத்தில்ஃபெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவது. அதைத் தன்னார்வலர் பையில் போட்டு அனுப்பச் சொல்லவில்லை. மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் தரும் வழக்கமான மாத்திரைகளுக்கு அந்தத் தடை இல்லையே. அவற்றை வீடு தேடி அனுப்பலாம். எங்களுக்கு முதல்நாள் மாலை ஒரு போன் போதும்: "நாளைக்கு உங்க தேதிம்மா." 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஆட்டிசம் இருக்கிறது, ஏ.டி.ஹெச்.டி. தனியாக இல்லை. எனக்கு இந்தக் கவலைக்கான வயது போய்விட்டது. பத்தாவது படிக்கும் மகளுக்காகத்தான் யோசிக்கிறேன். இரட்டையர் ஆய்வுகளின்படி இதில் பரம்பரையின் பங்கு 70 விழுக்காட்டுக்கும் மேல். அவளும் டிபன் பாக்ஸோடு மட்டும் வந்து நிற்கத் தொடங்கியிருக்கிறாள். அவள் அண்ணன் முறைப் பையனும் அப்படித்தான் வருகிறான். "ஆம்பளப் புள்ள, அவனுக்கு என்னா தெரியும்" என்று பெரியம்மா திரும்பப் போய்ப் பையை எடுத்துவருகிறார்.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதற்குச் சட்டம் திருத்த வேண்டாம், நிதி ஒதுக்க வேண்டாம். திருவண்ணாமலையில் மனநல மருத்துவம் பார்க்கும் அரசு, தனியார் மருத்துவர்கள் அனைவரும் மறுவருகைத் தேதி எழுதும்போது காலண்டரில் பௌர்ணமியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அன்றைக்குக் கிரிவலப் பாதையில் வண்டிகளை விட மாட்டார்கள். தேதியை நினைவு வைத்து, சீட்டையும் கண்டுபிடித்து, நேரத்துக்குக் கிளம்பி நின்றாலும் எங்கள் ஊரிலிருந்து பஸ் கிடையாது.