"கண்டறியப்படவில்லை" என்ற சொல்லின் பின்னால்

குடிநீரில் ஆபத்தில்லை என்று அதிகாரிகள் அறிக்கை விடும்போது அவர்களிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: எதைத் தேடினீர்கள், எந்த அளவு வரை தேடினீர்கள்?

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஏறத்தாழ 3,500 பேர் வாழும் ஹூசிக் போல்ஸ் என்ற சிற்றூரில் டெப்லோன் பூச்சுத் தொழிற்சாலை இருந்தது. சிறுநீரகப் புற்றுநோய்க்குத் தந்தையைப் பறிகொடுத்த ஒருவர், 2014இல் தமது வீட்டுக் குழாய்நீரைச் சொந்தச் செலவில் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். பிஎப்ஓஏ எனும் புளோரின் இரசாயனம் லீற்றருக்கு 540 நனோகிராம் இருந்தது. எளிதில் சிதையாமல் நீரிலும் இரத்தத்திலும் நெடுங்காலம் தங்கும் பொருள் அது. அன்றைய தற்காலிக வழிகாட்டி எல்லையோ 400.

ஒரு தனிமனிதர் செய்ததை அரசு ஏன் செய்யவில்லை? 2013 முதல் 2015 வரை அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் நாடளாவிய பரிசோதனையொன்றை நடத்தியது. பத்தாயிரம் பேருக்கு மேல் நீர் வழங்கும் திட்டங்கள் யாவும் அதில் அடங்கின. சிறிய திட்டங்களிலோ மாதிரிக்கென 800 மட்டுமே தெரிவாகின. சிற்றூர்வாசியின் ஈரல் வேறு வகையானது போலும்!

பரிசோதிக்கப்பட்ட ஊர்களின் கதை இன்னும் விசித்திரமானது. பிஎப்ஓஏ 20 நனோகிராமுக்கும், அதன் உறவான பிஎப்ஓஎஸ் 40 நனோகிராமுக்கும் குறைவாயின் முடிவை அறிக்கையிட வேண்டியதில்லை என்பது விதி. 2024இல் அதே முகவரகம் இரண்டுக்கும் விதித்த உச்ச எல்லை வெறும் 4. அதாவது, இந்த எல்லையை மீறும் நீர் அன்று "கண்டறியப்படவில்லை" என்ற நற்சான்றுடன் குழாய்களில் ஓடியிருக்கலாம். அந்தச் சான்றை நம்பிப் பிள்ளைகளுக்குப் பால்மா கரைத்த தாய்மாருக்கு யார் பதில் சொல்வது?

இப்பரிசோதனை கடினமானது என்பார்கள். உண்மைதான். மாதிரி எடுப்பவரின் நீர்புகா மேலங்கியும், குழாயில் சுற்றிய டெப்லோன் நாடாவுங்கூட முடிவைக் கெடுத்துவிடும். வெற்று மாதிரியும் உடன் அனுப்ப வேண்டும். நியமமான இரு முறைகளும் சேர்ந்து அளப்பவை 29 சேர்மங்கள்; இக்குடும்பத்தில் இருப்பவையோ ஆயிரக்கணக்கில். ஆயினும், கடினம் என்பது வாய்மூடியிருப்பதற்கான அனுமதிப்பத்திரமல்ல.

இந்நிலையில், 2029இல் நிறைவேற வேண்டிய 4 நனோகிராம் எல்லைக்கு 2031 வரை தவணை தரப்போவதாக முகவரகம் 2025 மே மாதத்தில் அறிவித்தது. தவணை கொடுப்பவர்கள், அதுவரை ஒவ்வொரு நீர்க்கட்டணப் பட்டியலிலும் தேடிய சேர்மங்களின் பெயர்களையும், ஆய்வுகூடம் அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவையும் அச்சிடட்டும்.