செலவுக் கணக்கு முன்னேற்றக் கணக்கு ஆகாது
குளத்தூர் வட்டார விவசாயிகள், சிறுவணிகர்கள் சங்கத்தின் கண்டன அறிக்கை

குளத்தூர், விளாத்திகுளம் வட்டம்
ஆகஸ்ட் 2025

தூத்துக்குடி மாவட்ட ஊராட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. ஏழு மாதம் கடந்தும் தேர்தல் இல்லை. ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கையில் இருக்கின்றன. வேலையை நடத்துபவரும் அவரே, முன்னேற்ற அறிக்கை எழுதுபவரும் அவரே, கிராம சபையில் அதை வாசிப்பவரும் அவரே என்ற நிலைமையை உண்டாக்கிய தமிழ்நாடு அரசை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

மாவட்டத்தின் நீண்டகாலத் திட்டம் யார் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பதை அரசியலமைப்புச் சட்டத்தின் 243 இசட்-டி பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் தயாரிக்கும் திட்டங்களை ஒன்றுசேர்த்து மாவட்டத்துக்கு ஒரே வளர்ச்சித் திட்டம் ஆக்குவது மாவட்டத் திட்டக் குழுவின் கடமை. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதோர், மாவட்ட ஊராட்சியிலும் நகர அமைப்புகளிலும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். கிராமத்துக்கும் நகரத்துக்கும் தண்ணீரைப் பங்கிடுவது எப்படி என்பதும் அந்தக் குழு பார்க்க வேண்டிய விஷயம். கோவில்பட்டி நகரம் தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் எதிர்பார்த்திருக்க, சுற்றிலும் உள்ள கரிசல் கிராமங்கள் மழையையும் கண்மாயையும் நம்பிக் கிடக்கும் மாவட்டத்துக்கு இதைவிட முக்கியமான குழு வேறு எது?

அந்தக் குழுவுக்கு அரசு கொடுத்த மரியாதையைப் பாருங்கள். ஊராட்சிப் பிரதிநிதிகள் 2020 ஜனவரியில் பொறுப்பேற்றார்கள். திட்டக் குழுத் தேர்தலோ மாநிலம் முழுக்க 2023 ஜூனில்தான் நடந்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் மூன்றரை ஆண்டு குழுவே இல்லாமல் ஓடிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றரை ஆண்டும் முடிந்து, இன்று கோவில்பட்டி நகராட்சிக்கு 2022இல் தேர்வான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கிராமங்களின் சார்பில் பேச ஒருவரும் இல்லை.

இது முதல் முறையும் அல்ல. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோது ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பர் வரை இழுக்கப்பட்டது. அன்று ஆண்டது அ.தி.மு.க.; இன்று ஆள்வது தி.மு.க. அன்று வழக்கு என்றார்கள். இன்று வார்டு மறுவரையறை என்கிறார்கள். பதவிக்காலம் முடியும் தேதி ஐந்தாண்டுக்கு முன்பே தெரியும். அதற்குள் செய்திருக்க வேண்டிய வேலையைக் காரணமாகக் காட்டுவதை ஏற்க முடியாது.

கேட்க ஆளில்லாத திட்டங்களின் கதி நமக்குத் தெரியும். 2012 மார்ச்சில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா வெளியிட்ட ‘தொலைநோக்குத் திட்டம் 2023’, 11 ஆண்டுகளில் 15 லட்சம் கோடி ரூபாய் முதலீடு என்றது. மதுரை – தூத்துக்குடி தொழில் வழித்தடமும் அன்றைய பெரிய அறிவிப்புகளில் ஒன்று. 2023ஆம் ஆண்டு வந்தது, போனது. சொன்னது எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று எங்கள் கிராம சபைக்கு எவரும் வந்து சொல்லவில்லை. 2021 மார்ச்சில் திருச்சியில் மு.க. ஸ்டாலின் பத்தாண்டுகளுக்கான ஏழு உறுதிமொழிகளை அறிவித்தார். அதில் பாதிக் காலம் நெருங்கிவிட்டது. அதன் கணக்காவது ஊர் வாரியாக வருமா?

கணக்கு என்று வருவதும் பெரும்பாலும் செலவுக் கணக்கே. ஜல் ஜீவன் திட்டம் 2019இல் தொடங்கியபோது, ஒவ்வொரு ஊரக வீட்டுக்கும் 2024க்குள் குழாய் என்றார்கள்; இப்போது கெடு 2028. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பதே திட்டத்தின் அளவுகோல். ஆனால் முன்வரிசையில் நிற்பது இணைப்புகளின் எண்ணிக்கை. எத்தனை நாளைக்கு ஒருமுறை எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதல்லவா முன்னேற்றம்? 2017இல் பொலிவுறு நகரமாகத் தேர்வான தூத்துக்குடியில், 2023 டிசம்பர் பெருமழையின்போது பல தெருக்கள் நாள்கணக்கில் வெள்ளத்தில் நின்றன. பொலிவுறு நகரத் திட்டமே 2025 மார்ச் 31 அன்று முடிவடைந்துவிட்டது. மானாவாரி விவசாயி உளுந்து விதைத்த செலவை விளைச்சல் என்று சொல்வதில்லை. களத்தில் அளந்த பிறகே கணக்கு. அரசுக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

எங்கள் கோரிக்கைகள்:

1. ஊராட்சித் தேர்தல் தேதியை உடனே அறிவிக்க வேண்டும். தேர்தல் முடிந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டத் திட்டக் குழுவை அமைத்து, அதன் கூட்ட நடவடிக்கைகளைப் பொதுவில் வைக்க வேண்டும்.

2. திட்டங்களின் முன்னேற்றத்தைப் பரிசீலிக்கும் உரிமையை 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்கு வழங்கியுள்ளது. அதற்கேற்ப, வளர்ச்சித் திட்டத்தின் ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பீடு, செலவு, தொடங்கிய நாள், முடிய வேண்டிய நாள், இன்றைய நிலை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, சபைக்கு ஏழு நாள் முன்பே ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

3. கண்மாய் தூர்வாரல் என்றால் அள்ளிய மண்ணோடு நிறுத்தாமல், அடுத்த மழையில் நின்ற தண்ணீரையும் பதிவு செய்ய வேண்டும். வரத்துக்கால் அடைபட்டிருந்தால் அந்த வேலையை ‘முடிந்தது’ என்று எழுதக் கூடாது.

4. தூத்துக்குடி பொலிவுறு நகரத் திட்டத்தின் இறுதிக் கணக்கை, வேலை வாரியாக, தமிழில் வெளியிட வேண்டும். கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் பகுதி சபைகளை முறையாகக் கூட்டி நகரத் திட்டங்களின் நிலையை விளக்க வேண்டும்.

5. தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவுப்படி, எவரும் மனுப் போடாமலே இந்த விவரங்கள் மக்களுக்குக் கிடைக்க வேண்டும்.

இவற்றுக்குப் பதில் வராவிட்டால், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் திரளாகச் சென்று மனுக் கொடுப்போம். அதன் பிறகும் அசையாவிட்டால் விளாத்திகுளம் வட்டாட்சியர் அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம் நடத்துவோம்.

ஊர் மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அக்டோபர் 2 கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். விதைப்பு வேலை இருக்கும், தெரியும். ஆனாலும் வாருங்கள். வாசிக்கப்படும் ஒவ்வொரு வேலையும் எந்தத் தெருவில், எந்த ஓடையில் நடந்தது என்று கேளுங்கள். பதில் இல்லாத வேலையைத் தீர்மானப் புத்தகத்தில் அப்படியே பதியச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இவண்,
சங்க நிர்வாகக் குழுவினர்
குளத்தூர்