சட்டையில ஒரு நாய்க்குட்டி!

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர்ல என் தங்கச்சி ஒரு ப்ரூச் வாங்கினா. தாடி வெச்ச, குட்டைக்கால் கறுப்பு நாய். 'எங்கயோ பார்த்த மூஞ்சியாச்சே'னு யோசிச்சா... அட, மோனோபோலி போர்டுல நகருமே, அந்த நாய் பாஸ்!

பேரு ஸ்காட்டிஷ் டெரியர். செல்லமா ஸ்காட்டி. 1930, 40-களில் அமெரிக்காவில் பேக்கலைட் ப்ரூச்ல ஆரம்பிச்சு வீட்டுச் சாமான் வரைக்கும் இவர்தான் ஹீரோ. சதுரத் தாடி, விறைச்ச காது... நிழலைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிடலாம். டிசைனருக்கு வேற என்ன வேணும்? 1940-ல் அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் 'ஃபாலா'ங்கிற ஸ்காட்டி வந்து சேர, புகழ் எங்கேயோ போயிடுச்சு. வாஷிங்டன்ல ரூஸ்வெல்ட் நினைவிடத்தில் அதுக்கும் சிலை இருக்கு.

நம்ம நாய் என்ன இளப்பமா? பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்ல ஒரு நடுகல். 7-ம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். எருமைகளைக் காக்கப் போய் உயிரைவிட்ட கருந்தேவக்கத்தியோட, அவரோட நாயும் அதில் நிக்குது. ரெண்டு கள்ளர்களைக் கடிச்சுக் காவல் காத்த அந்த நாய் பேரு 'கோவிவன்'னு கல்வெட்டே சொல்லுது!

2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை போட்டாங்க. அதோட சரி. கம்மல்லயோ கீ செயின்லயோ நம்ம நாய் எங்கே மச்சி? கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. சாமி சிலை செதுக்குற அந்தக் கைகளுக்கு ஒரு கோவிவன் பெரிய வேலையா?

தங்கச்சிகிட்ட சொன்னேன். ப்ரூச்சைக் கழட்டி ஒரு தடவை பார்த்தா. ''சும்மா எழுதாதண்ணா, போய் ஆர்டர் கொடு. முதல் பீஸ் எனக்கு!''