வாடகை வீட்டு உடன்படிக்கை: வாய்ச்சொல்லை நம்பி வீதிக்கு வரலாமா?

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார் என்பார்கள். வீட்டைக் கட்டுவதற்கு வழியற்று, அடுத்தவர் கட்டிய வீட்டில் குடியிருப்போரின் பாடு பற்றி அம்முதுமொழி எதுவும் கூறுவதில்லை. தலைநகரிலும் அதன் புறநகரங்களிலும் வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களில் பல இந்நிலையிலேயே உள்ளன. வெள்ளவத்தையிலோ, தெஹிவளையிலோ, கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டைத் தேடிப் பிடித்து, தரகருக்குக் கொடுப்பதைக் கொடுத்து, நகையை அடகு வைத்துத் திரட்டிய முற்பணத்தையும் கையளித்த பின்னர், "மகள் வெளிநாட்டிலிருந்து வருகிறாள், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று உரிமையாளர் கூறிவிட்டால் அக்குடும்பம் என்ன செய்ய முடியும்? அதே வீடு கூடிய வாடகைக்கு வேறொருவருக்குக் கைமாறிவிட்டது என்பது சில வாரங்களின் பின்னரே தெரியவரும்.

இது தனிப்பட்ட இருவருக்கு இடையிலான பிணக்கு என ஒதுக்கிவிடக்கூடிய விடயமன்று. பிள்ளையின் பாடசாலை அனுமதி, வாக்காளர் பதிவு, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் ஆகிய அனைத்தும் குடியிருக்கும் முகவரியையே சார்ந்துள்ளன. வீடு கைநழுவினால் அவையும் கூடவே கைநழுவுகின்றன. எனவே, வாக்கு மாறும் உரிமையாளரை எதிர்கொள்வதற்குச் சட்டத்தில் என்ன வழி உண்டு என்பதையும், அவ்வழி எங்கே அடைபட்டுள்ளது என்பதையும் ஆராய்வது பொருத்தமாகும்.

முதலில் உணர வேண்டிய உண்மை கசப்பானது. எம்மவரில் பலர் கையில் வைத்திருக்கும் "அக்ரிமென்ற்" சட்டத்தின் முன் அவர்கள் நினைக்கும் பெறுமதியைக் கொண்டதன்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு ஒருவரினதும் இரு சாட்சிகளினதும் முன்னிலையில் எழுதப்பட்டுக் கையொப்பமிடப்பட்டிருத்தல் வேண்டும். கடையில் வாங்கிய படிவத்தை நிரப்பி, முத்திரை ஒட்டி, அயலவர் இருவரைச் சாட்சியாக வைத்துக் கையொப்பமிட்ட இரண்டு வருட உடன்படிக்கை, இரண்டு வருடக் குத்தகையாக மாட்டாது. அந்த வீட்டில் குடியேறி வாடகையும் செலுத்திவந்தால், நீதிமன்றம் அவரை மாதாந்த வாடகைக் குடியாகவே கொள்ளும். மாதாந்த வாடகைக் குடியை ஒரு மாத முன்னறிவித்தலுடன் வெளியேறுமாறு கோர உரிமையாளருக்கு இடமுண்டு. இரண்டு வருடம் நிம்மதியாக இருக்கலாம் என நம்பியவரின் உண்மையான காப்பு முப்பது நாட்கள் மாத்திரமே.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக் குடிகளைக் காக்கும் என்ற எண்ணமும் முதியோர் மத்தியில் நிலவுகின்றது. ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது. ஆனால், 1980ஆம், 2002ஆம் ஆண்டுகளில் கொண்டுவரப்பட்ட திருத்தங்கள் பல வீடுகளை அச்சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்துவிட்டன. தாம் குடியேறும் வீட்டுக்கு அச்சட்டம் பொருந்துமா என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறியாமல் அதனை நம்பியிருப்பது புத்திசாலித்தனமாகாது.

முறைப்படி நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட குத்தகை உறுதி கையில் இருப்பின் நிலைமை முற்றிலும் வேறானது. எமது நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன்-டச்சுச் சட்டத்தின்படி, குத்தகைக்கு விட்டவர் வீட்டைக் கையளிக்கவும், தவணை முடியும் வரை குடியிருப்பவரின் அமைதியான அனுபவிப்புக்கு இடையூறு செய்யாதிருக்கவும் கடமைப்பட்டவர். திறப்பைத் தர மறுத்தால், உடன்படிக்கையை நிறைவேற்றுமாறோ, நட்டஈடு வழங்குமாறோ கோரி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். வீட்டை மூன்றாம் நபருக்குக் கொடுக்காதவாறு தடையுத்தரவு கோரவும் முடியும். இதில் தாமதம் கூடாது. வேறொரு குடும்பம் குடியேறிய பின்னர் கோரும் தடையுத்தரவால் பயன் குறைவு.

வீட்டை விற்றுவிட்டேன் என்பதும் உரிமையாளர் தப்பிக்கொள்ளக்கூடிய காரணமன்று. குத்தகை விற்பனைக்கு முற்பட்டது என்பது ரோமன்-டச்சுச் சட்டத்தின் பழைமையான கோட்பாடாகும். வீட்டை வாங்குபவர் அதன் மீதுள்ள குத்தகையோடு சேர்த்தே வாங்குகின்றார். ஆனால் இங்கும் ஒரு நிபந்தனை உண்டு. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிப் பதிவகத்தில் பதியப்படாத உறுதி, பெறுமதி கொடுத்து வாங்கிப் பின்னர் முறையாகப் பதிந்த ஒருவருக்கு எதிராகச் செல்லுபடியாகாமற் போகலாம். நொத்தாரிசு எழுதினால் மட்டும் போதாது, பதிவும் நடந்ததா என்பதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

உறுதியின் வாசகங்களையும் கவனிக்க வேண்டும். "இரு தரப்பினரில் எவரும் மூன்று மாத முன்னறிவித்தலுடன் இதனை முடிவுறுத்தலாம்" என்ற வாசகம் பல குத்தகைகளில் காணப்படுகின்றது. நியாயமாகத் தோன்றும் இந்த ஒரு வரியே உரிமையாளர் எந்த வேளையிலும் சட்டப்படி பின்வாங்குவதற்குத் திறந்துவைக்கும் வாயிலாகும். தவணை முடியுமுன் உரிமையாளர் வீட்டைத் திரும்பப் பெறுவதானால், எஞ்சிய முற்பணத்தோடு இடம்பெயரும் செலவையும் குறித்தவொரு நட்டஈட்டையும் செலுத்த வேண்டும் என்ற வாசகத்தை எழுதும்போதே சேர்த்துக்கொள்ளலாம். இத்தகைய உறுதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுவதும், படிக்காமலே கையொப்பமிடப்படுவதும் வேதனைக்குரியன. எமது மொழியில் எழுதும் நொத்தாரிசுகள் இருக்கின்றனர். கேட்பதற்கு நாம் ஏன் தயங்க வேண்டும்?

எமது சமூகங்களுக்கே உரிய இன்னொரு சிக்கலையும் குறிப்பிட வேண்டியுள்ளது. வீட்டின் உரிமையாளர் கனடாவிலோ, லண்டனிலோ, மத்திய கிழக்கிலோ இருப்பார். சாவியை வைத்திருக்கும் மைத்துனரோ, ஒன்றுவிட்ட சகோதரரோ வீட்டை வாடகைக்கு விடுவார். ஆறு மாதம் கழித்து, "நான் அப்படி எவருக்கும் சொல்லவில்லை" என்று உரிமையாளரிடமிருந்து தொலைபேசி வரும். அவ்வாறான சந்தர்ப்பத்தில், வீட்டை விடுபவரிடம் அற்றோணித் தத்துவம் உண்டா, குத்தகைக்கு விடும் அதிகாரம் அதில் அடங்குகிறதா, அது இன்னும் இரத்துச் செய்யப்படாமல் இருக்கின்றதா என்பவற்றைப் பார்த்தே பணத்தைக் கொடுக்க வேண்டும். பிரிக்கப்படாத முதுசச் சொத்தாயின் ஏனைய சகோதரர்களின் இணக்கமும் தேவை. வீடு வங்கியொன்றுக்கு ஈடு வைக்கப்பட்டிருந்தால், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கி நீதிமன்றம் செல்லாமலே அதனை ஏலத்தில் விடக்கூடும். காணிப் பதிவகத்தில் பதிவேட்டைப் பார்வையிட்டால் இவற்றில் பலவற்றை முன்கூட்டியே அறியலாம்.

சரி, முறையான உறுதி இல்லாதவர் முற்றிலும் அநாதரவானவரா? இல்லை. குடியேறுவதற்கு முன்னரே உரிமையாளர் வாக்கு மாறிவிட்டால், வீட்டைத் தருமாறு நிர்ப்பந்திக்க அவரால் முடியாது போகலாம். ஆனால், கொடுத்த முற்பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. ஒருவரின் பணத்தை எந்தக் கைம்மாறுமின்றி மற்றவர் வைத்திருக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. பற்றுச்சீட்டோ, வங்கி வைப்புச் சீட்டோ இருந்தால் இது எளிது. முற்பணத்தை வங்கியூடாகவே செலுத்த வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இதனாலேயே. பிணக்கின் தொகையைப் பொறுத்து, வழக்குக்கு முன்னர் மத்தியஸ்த சபையை நாட வேண்டியிருக்கலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இச்சபைகளில் சட்டத்தரணிக் கட்டணம் எதுவுமின்றிப் பேசித் தீர்க்க வாய்ப்புண்டு. ஒரே வீட்டைக் காட்டிப் பலரிடம் முற்பணம் வாங்கியிருப்பின் அது வெறும் வாக்குத் தவறலன்று, ஏமாற்றுதல் என்னும் குற்றம். அதற்குப் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம்.

குடியேறிவிட்டவரைப் பொறுத்தவரை மிக முக்கியமான விடயம் ஒன்றுண்டு. உறுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீதிமன்றக் கட்டளையின்றி ஒருவரைப் பலாத்காரமாக வெளியேற்ற எந்த உரிமையாளருக்கும் அதிகாரமில்லை. பூட்டை மாற்றுவதும், தளபாடங்களை வீதியில் வைப்பதும் சட்டத்தைக் கையிலெடுக்கும் செயல்களாகும். குடியிருப்பவரை விரட்டுவதற்காக நீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பதும் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றன்று. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், அமைதிக்குப் பங்கம் விளையக்கூடிய இத்தகைய பிணக்கைப் பொலிஸாரோ பாதிக்கப்பட்டவரோ நீதிமன்றத்தின் முன் கொண்டுவரலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் உடைமையில் அமர்த்த நீதிமன்றம் கட்டளையிட முடியும். ஆனால், வெளியேற்றம் நடந்து இரண்டு மாதங்களுக்குள் இந்நடவடிக்கை தொடங்கப்பட வேண்டும். உறவினர் வீட்டில் தங்கியிருந்து சமரசம் பேசியே மூன்று மாதங்களைக் கழிப்பவர் இந்த வாய்ப்பை இழந்துவிடுகின்றார். அவ்விடைக்காலத்தில் வாடகையை நிறுத்திவிடவும் கூடாது. உரிமையாளர் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பாதுகாக்க வேண்டும். வாடகை நிலுவையே வெளியேற்றுவதற்கான காரணமாகிவிடக்கூடும். சட்டத்தரணியை அமர்த்த வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் பிராந்திய நிலையங்களை நாடலாம்.

இத்தனை வழிகள் இருந்தும் எம்மவர் ஏன் மௌனமாக மூட்டை கட்டுகின்றனர்? அதற்கு வரலாறு உண்டு. 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் நள்ளிரவில் எழுப்பப்பட்டுப் பேருந்துகளில் வவுனியாவுக்கு ஏற்றப்பட்டதை எவரும் மறந்துவிடவில்லை. உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து உத்தரவிட்டது உண்மையே. எனினும் அன்றைய அச்சம் மனதில் தங்கிவிட்டது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர், எக்குற்றமும் புரியாத முஸ்லிம் குடும்பங்கள் வீடும் கடையும் வாடகைக்குத் தேடியபோது எதிர்கொண்ட முகச்சுளிப்பும் அத்தகையதே. பொலிஸ் நிலையம் என்பது முறைப்பாடு செய்யும் இடமாக அன்றி, விசாரிக்கப்படும் இடமாகவே எமது மக்களுக்குப் பழகிவிட்டது. "எங்களுக்கு ஏன் வம்பு" என்று கூறி வெளியேறுபவரின் மனநிலை இதனாலேயே உருவானது. அதே தயக்கத்தை நம்பியே சில உரிமையாளர்கள் வாக்கு மாறுகின்றனர். அவர்களிற் பலர் எமது சமூகங்களைச் சேர்ந்தவர்களே என்பதையும் மறைப்பதற்கில்லை.

உரிமையாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. வாடகைச் சட்டம் இறுக்கமாக இருந்த காலத்தில், சொற்ப வாடகைக்கு விட்ட வீட்டைத் தலைமுறை கடந்தும் மீட்க முடியாமல் அலைந்த முதியோர் பலர். ஓய்வூதியம் இன்றி, வாடகையை மட்டுமே நம்பி வாழும் விதவைகளும் உள்ளனர். அந்த மனக்குறையைத் தீர்க்கும் முகமாக, குத்தகைக்கு விட்ட இடங்களின் உடைமையை உரிமையாளர் விரைவாக மீளப் பெறுவதற்கென 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால், தவணை முடிந்தும் வெளியேறாத குடியிருப்பாளருக்கு எதிராக விரைவுப் பாதையொன்று அமைக்கப்பட்டிருக்கையில், தவணை முடியுமுன்னரே வாக்கு மாறும் உரிமையாளருக்கு எதிராக அதற்கு ஈடான பாதையொன்று இல்லை. அவருக்கு எதிராக வழக்காடுபவர் வழமையான சிவில் வழக்கின் நெடும்பாதையிலேயே நடக்க வேண்டியுள்ளது. தீர்ப்பு வரும்போது குத்தகைத் தவணையே முடிந்திருக்கும். இது தராசின் ஒரு தட்டை மட்டும் நிறைப்பதாகாதா?

முறையான உறுதி எழுதுவதற்கான செலவும் ஒரு தடையாகும். குத்தகைக்கான முத்திரைத் தீர்வை 2025ஆம் ஆண்டில் ஆயிரம் ரூபாவுக்கு 10 ரூபாவிலிருந்து 20 ரூபாவாக இரட்டிப்பாக்கப்பட்டது. மாதம் 50,000 ரூபா வாடகையில் இரண்டு வருடக் குத்தகை என்றால் மொத்த வாடகை 12 இலட்சம் ரூபா. அதற்கான தீர்வை 24,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம் வேறு. அரை மாத வாடகையை முத்திரைக்கே கொடுக்க நேரும்போது, படிவத்தை நிரப்பி ஒப்பேற்றிவிடுவோம் என்று இரு தரப்பும் நினைப்பதில் வியப்பில்லை. காகிதம் இருந்தால் வரித் திணைக்களம் தேடிவரும் என்ற பயமும் உரிமையாளரைத் தடுக்கின்றது. சட்டம் எழுதச் சொல்கிறது, தீர்வை எழுதாதே என்கிறது. நடுவில் நிற்பவர் வாடகைக் குடியே.

சிறிய வாடகை வீடுகளுக்கான தீர்வையைக் குறைப்பதும், மும்மொழியிலும் எளிமையான மாதிரிக் குத்தகைப் படிவமொன்றை வெளியிடுவதும், வாக்கு மாறும் உரிமையாளருக்கு எதிராகவும் விரைவான நடைமுறையொன்றை ஏற்படுத்துவதும் அரசுக்குக் கடினமான காரியங்கள் அல்ல. வாடகைச் சட்டத்தைச் சீர்திருத்துவது பற்றி அண்மைய ஆண்டுகளில் பேசப்பட்டுவரும் நிலையில், எமது மக்கள் பிரதிநிதிகள் இவற்றைப் பாராளுமன்றத்தில் முன்வைக்க வேண்டும். பெரும் அரசியல் பேசும் அவர்களுக்கு வாக்களித்தவர்களில் வாடகை வீட்டுக்காரரும் அடங்குவர்.

அதுவரையில், முற்பணம் என்பது உரிமையாளரின் கையில் ஒப்படைக்கப்படும் அமானிதம் என்பதை எமது சமூகத்து வீட்டுக்காரர் உணர வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் அறிவுறுத்துகின்றது. சொன்ன சொல் தவறாமையை எமது முன்னோரும் அறமெனவே போற்றினர். எழுதுமாறு கேட்பது அவநம்பிக்கையின் அடையாளம் என்று எவரும் முகம் சுளிக்கத் தேவையில்லை. எழுத மறுக்கும் வீட்டுக்காரரின் வீட்டுக்கு முற்பணம் கொடுக்காதிருப்பதே வாடகைக் குடியின் முதற் பாதுகாப்பாகும்.